கதவைத் தட்டினால் திறப்பது யார்?

தீபாவளி முடிந்து சில நாள் கழித்து ஒரு கல்லூரி மாணவர் எழுதிக் கேட்டிருந்தார்: "அமேசான் சர்வர்கள் படுத்தது பற்றி அவர்களே போட்ட அறிக்கையைப் படித்தேன். டிஎன்எஸ் கோளாறு ஓரளவு புரிகிறது. நடுவில் ஓர் இடத்தில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சர்வர்களையே ஹெல்த் செக் பழுது என்று ஒதுக்கிவிட்டதாக வருகிறது. நல்லா இருக்கிறவனை அது எப்படி சார் நோயாளின்னு சொல்லும்?"

அவர் சொல்வது 2025 அக்டோபர் 20-ஆம் தேதி நடந்தது. நமக்குத் தீபாவளி. பகல் 12 மணி தாண்டி, இலையில் உட்காரும் நேரத்தில், அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும், மற்ற நிறுவனங்களுக்குச் சர்வர்களை வாடகைக்கு விடும் அமேசான் வெப் சர்வீசஸின் தரவு மையங்கள் தடுமாற ஆரம்பித்தன. அங்கே அப்போது அதிகாலை 3 மணி ஆகப்போகிறது. ஸ்னாப்சாட், சிக்னல் என்று வரிசையாக விழுந்தன. டிஎன்எஸ் என்பது பெயரைச் சொன்னால் முகவரி தரும் இணையத்தின் தொலைபேசிப் புத்தகம்; அதில் டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் பதிவு காலியாகிப்போனதுதான் தொடக்கம். அதை எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மாணவர் பிடித்தது அதன் வால். எனக்கு அந்த வால்தான் ருசி.

அடிப்படையை வேகமாக முடித்துவிடலாம். ஒரு செயலியை ஒரே சர்வரில் ஓட்டினால் கூட்டம் தாங்காது. பத்து சர்வரில் ஓட்டி, வாசலில் ஒருவரை நிறுத்துகிறோம். "நீங்க மூணாம் கவுன்ட்டர், நீங்க ஏழு" என்று பிரித்துவிடுவது அவர் வேலை. அவர்தான் லோட் பேலன்சர். அதிலும் நெட்வொர்க் லோட் பேலன்சர் என்பது கடிதத்தைப் பிரித்துப் படிக்காத வகை. உறைமேல் இருக்கும் முகவரியையும் போர்ட் எண்ணையும் (ஒரு கணினியில் எந்தச் செயலிக்கு என்று சொல்லும் கதவு எண்) பார்த்துத் தள்ளிவிடும், அதனால்தான் அந்த வேகம். சரி, ஏழாம் கவுன்ட்டரில் ஆள் மயங்கி விழுந்துவிட்டால்? தெரியாமல் அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தால் பத்தில் ஒருவர் நின்று நின்று திரும்பிப் போவார். அதற்காக, சில நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு கவுன்ட்டர் கதவையும் தட்டிப் பார்ப்பது ஏற்பாடு. பதில் வந்தால் ஆள் இருக்கிறார். இதுதான் ஹெல்த் செக்.

இதில் என்ன பெரிய சூட்சுமம் என்று தோன்றும். தட்டினால் கதவைத் திறப்பது யார் என்று கொஞ்சம் நின்று பாருங்கள்.

இருப்பதிலேயே எளிய ஹெல்த் செக், டிசிபி வகை. இரண்டு கணினிகள் முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசும் விதிமுறைதான் டிசிபி. சோதிப்பவர் 'சின்' என்று ஒரு பாக்கெட் அனுப்புவார், சர்வர் 'சின்-ஆக்' என்று பதில் தரும், இவர் 'ஆக்' என்று முடிப்பார். பாடப்புத்தகத்தில் வரும் அதே மூன்று படி கைகுலுக்கல். முடிந்ததா? நலம் என்று குறித்துக்கொண்டு இணைப்பை மூடிவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் கைகுலுக்கலில் நம் செயலி கலந்துகொள்வதே இல்லை. முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. லினக்ஸில் மூன்று படியையும் செய்து முடிப்பது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. "இந்த போர்ட்டுக்கு வருபவர்கள் என்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள்" என்று செயலி ஆரம்பத்தில் ஒருமுறை சொல்லி வைத்தால் போதும். அப்புறம் கெர்னலே வாசலில் நின்று கும்பிடு போட்டு, வந்தவரை உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடும். செயலி தன் வேலை முடியும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளும். செயலி உள்ளே மயங்கிக் கிடந்தாலும் வாசலில் கும்பிடு குறையாது.

வீட்டு லேப்டாப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பைத்தானோடு வரும் சின்ன வெப் சர்வரை ஓட்டினேன். இன்னொரு ஜன்னலில், 10 நொடிக்கு ஒருமுறை அதன் போர்ட்டைத் தட்டிவிட்டு மூடும் நாலு வரி நிரல். பிறகு சர்வருக்கு 'ஸ்டாப்' சிக்னல் அனுப்பினேன். சாகவில்லை, அப்படியே கல்லாய் உறைந்து நிற்கும். ஒரு வரி நிரலைக்கூட அது இப்போது இயக்காது.

தட்டினேன், நலம். மறுபடி தட்டினேன், நலம். ஒரு நிமிடத்துக்கு, ஆறு முறையும் நலம். ஏழாவது தட்டலுக்குத்தான் பதில் இல்லை. 'எஸ்எஸ்' கட்டளை போட்டு அந்த போர்ட்டின் வரிசையைப் பார்த்தால் கதை அப்பட்டமாகத் தெரிகிறது: பெஞ்சின் நீளம் 5, உட்கார்ந்திருப்பவர்கள் 6. (நீளத்தைவிட ஓர் ஆளைக் கூடுதலாக நெருக்கி உட்கார வைப்பது லினக்ஸின் பழக்கம்.) அந்த ஆறு பேரும் யார்? நான் அனுப்பிய சோதனைகளேதான். தட்டிவிட்டு அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், இடம் மட்டும் பிடித்தபடி இருக்கிறது, ஏனென்றால் செயலி கூப்பிடாமல் பெஞ்சிலிருந்து யாரையும் எடுக்க முடியாது. பெஞ்ச் நிரம்பிவிட்டதால் ஏழாவது ஆளின் 'சின்' பாக்கெட்டைக் கெர்னல் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. அதாவது, நோயைக் கண்டுபிடித்தது சோதனை இல்லை. சோதனைகள் குவிந்து வாசலை அடைத்ததால் நோய் வெளியே தெரிந்தது! பிறகு 'கன்டினியூ' சிக்னல் கொடுத்து எழுப்பினேன். விழித்த சர்வர் ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தது, ஒருவரும் இல்லை, பெஞ்ச் காலி. ஒரு தடவை செய்து பாருங்கள், வாய்விட்டுச் சிரிப்பீர்கள்.

இது 5 பேர் பெஞ்ச். லினக்ஸில் இந்த நீளத்துக்கு உச்சவரம்பு ரொம்ப காலம் 128 ஆக இருந்தது, 5.4 பதிப்பிலிருந்து 4096. கூட்டமே இல்லாத ஒரு சர்வர் உறைந்து போனால், 128 பெஞ்சை 10 நொடிக்கு ஒரு தட்டல் நிரப்ப 21 நிமிடத்துக்கு மேல் ஆகும். 4096 என்றால் 11 மணி நேரத்துக்கும் மேல். பரபரப்பான கடையில் வாடிக்கையாளர்களே சில நொடியில் பெஞ்சை நிரப்பிக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்; ஆள் நடமாட்டம் குறைந்த கடையில்தான் பிணம் எழுந்து கும்பிடு போட்டுக்கொண்டே இருக்கும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் எழுதும் டிஸ்க் நிரம்பி, செயலி எழுத முடியாமல் அப்படியே நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க எல்லா விளக்கும் பச்சை. காலையில் ஒரு வாடிக்கையாளர் போன் செய்துதான் எங்களுக்கே தெரியும். ஆயுத பூஜைக்கு சர்வர் ரேக்குக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதைப் பார்த்துச் சிரிக்கிற நாங்கள்தான் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனோம்.

அதனால்தான் எச்டிடிபி (வெப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் விதிமுறை) வகைச் சோதனை. இதில் தட்டுவதோடு நிற்காமல் ஒரு பக்கத்தைக் கேட்டு, விடையாக 200 என்ற எண் வருகிறதா என்று பார்ப்பார்கள். அதைச் செயலிதான் எழுதித் தர வேண்டும், கெர்னலால் முடியாது. இதிலும் ஓட்டை உண்டு. அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சர், நாம் மாற்றாதவரை, 200 முதல் 399 வரை எது வந்தாலும் நலம் என்றே எடுத்துக்கொள்ளும். 302 என்றால் 'வேறு பக்கத்துக்குப் போ' என்று அர்த்தம். "பராமரிப்பு நடக்கிறது" என்ற பலகைக்கு உங்கள் சர்வர் எல்லாரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாலும் சோதனையில் பாஸ். டிசிபிக்கு மாற்றான யுடிபி என்ற விதிமுறையின் கதை இன்னும் மோசம். அதில் கைகுலுக்கலே கிடையாது, தட்டினால் மௌனம்தான். ஆகவே யுடிபி சேவையையும் பக்கத்திலுள்ள டிசிபி அல்லது எச்டிடிபி கதவைத் தட்டித்தான் ஊகிக்க வேண்டும்.

சரி, பதில் வரவில்லை. உடனே செத்ததாகக் கணக்கு எழுதலாமா? இங்கே ஒரு பழைய தேற்றம் குறுக்கே நிற்கிறது. 1985-இல் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் என்ற மூவர் ஒன்றை நிரூபித்தார்கள்: செய்தி வந்து சேர நேர வரம்பு இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு கணினி செயலிழக்கலாம் என்றாலே போதும், எல்லாக் கணினிகளும் கட்டாயம் ஒரே முடிவுக்கு வந்து சேரும் என்று உறுதி தரும் வழிமுறை எதுவும் இருக்க முடியாது. செத்தவனையும் மெதுவாக நடப்பவனையும் தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாததுதான் சிக்கலின் வேர். அப்போது அது தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு செய்த சுத்தக் கணிதம். "இதனால் தொழிலுக்கு என்ன லாபம்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக் குழுக்களிடம் இப்படி ஒரு விண்ணப்பம் போனால் என்ன ஆகும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இன்று ஒவ்வொரு லோட் பேலன்சரும் அந்தச் சுவரில் முட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறது.

ஆக, செய்ய முடிந்தது சந்தேகப்படுவது மட்டுமே. எவ்வளவு சீக்கிரம் சந்தேகப்படலாம் என்பதைத்தான் அமைப்புகளில் எண்களாகப் போடுகிறோம். அமேசானில் நாம் கை வைக்காவிட்டால் 30 நொடிக்கு ஒரு தட்டல். அடுத்தடுத்து 2 முறை தவறினால் ஒதுக்கிவை, 5 முறை சரியாக வந்தால் திரும்பச் சேர். எச்ஏபிராக்சி என்ற இன்னொரு லோட் பேலன்சரில் 2 நொடிக்கு ஒன்று, 3 தவறினால் வெளியே, 2 சரியானால் உள்ளே. ஒரே ஒரு தவறலுக்கு ஏன் வெளியேற்றக் கூடாது? மொட்டைமாடித் தொட்டியின் தானியங்கி மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மட்டத்தில் ஆன், அதே மட்டத்தில் ஆஃப் என்று வைத்தால் தண்ணீர் லேசாக அலம்பும்போதெல்லாம் மோட்டார் டக் டக் என்று அடித்துக்கொண்டு சாகும். மேலே ஒரு மட்டம், கீழே ஒரு மட்டம் என்று வைப்பது அதனால்தான். 5 நொடி என்று இடைவெளியைக் குறைத்துவிட்டு, லாக்கில் அதைவிட அடிக்கடி தட்டல் வருகிறதே என்று குழம்ப வேண்டாம்: நெட்வொர்க் லோட் பேலன்சரில் பல இடங்களிலிருந்து பலர் தட்டிப் பார்த்துக் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள்.

சோதனையை ஆழமாக்க ஆசைப்பட்டால் வேறு வம்பு. "தரவுத்தளம் வரை தொட்டுப் பார்த்து வந்து சொல்" என்று ஹெல்த் செக் பக்கத்தை எழுதினால், தரவுத்தளம் ஒரு நொடி இருமினால் பத்து சர்வரும் சேர்ந்தாற்போல் நோயாளி ஆகிவிடும். 2021 அக்டோபர் 4 இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் ஊமையானது நினைவிருக்கிறதா? பராமரிப்பின்போது போட்ட ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பு முழுதும் அறுந்தது. அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு சுயபரிசோதனை இருந்தது: தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள். ஒரு சர்வர் மட்டும் கெட்டால் அருமையான விதி. அன்று எல்லாச் சர்வரும் ஒரே நேரத்தில் அதே விதிப்படி நடந்தன, ஃபேஸ்புக் இணையத்தின் வரைபடத்திலிருந்தே மறைந்தது.

இதனால்தான் பல லோட் பேலன்சர்களில் கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் ஒரு விதி இருக்கிறது: எல்லாரும் நோயாளி என்றால், எல்லாரும் நலம் என்று வைத்துக்கொள். அமேசானுடையது அப்படித்தான் நடக்கும். என்வாய் என்ற இன்னொன்று அதற்கும் முன்னாலேயே உஷாராகிவிடும். நலமானவர்கள் 50 சதவீதத்துக்குக் கீழே போனாலே சோதனை முடிவைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாருக்கும் பிரித்து அனுப்ப ஆரம்பிக்கும். பத்து பேரும் ஒரே நொடியில் செத்திருப்பார்கள் என்பதைவிட, தட்டுபவருக்குக் காது கேட்கவில்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்ற கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

இப்போது மாணவரின் கேள்வி. தீபாவளியன்று மாலை, நம் நேரம் 6 மணியிலிருந்து, அங்கே புதிதாகத் தொடங்கிய இயந்திரங்கள் வேலைக்குச் சேர்க்கப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கான வலையமைப்பு விவரங்கள் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. கதவு இருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார், வீட்டுக்குப் போகும் தெரு இன்னும் போடப்படவில்லை. தட்டல் சில சமயம் சேர்ந்தது, சில சமயம் சேரவில்லை. எனவே நல்ல சர்வர்கள் டிஎன்எஸ் பட்டியலிலிருந்து போவதும் அடுத்த சோதனையில் திரும்ப வருவதுமாக இருந்தன, தொட்டி மோட்டார் போலவே. இந்தப் போக்குவரத்தின் சுமையில் ஹெல்த் செக் அமைப்பே திணறி, தன் சோதனைகளைத் தாமதமாகச் செய்தது. தாமதத்தால் ஒரு தரவு மையப் பகுதியையே ஒதுக்கும் தானியங்கி ஏற்பாடு கிளம்ப, மிச்சமிருந்த சர்வர்கள்மேல் கூட்டம் ஏறியது.

இரவு 10:06-க்கு, அமேசானின் தலைமையகம் இருக்கும் சியாட்டிலில் காலை 9:36, பொறியாளர்கள் அந்தத் தானியங்கி ஒதுக்கலை அணைத்தார்கள். நலமாக இருந்தும் வெளியே நின்ற சர்வர்கள் எல்லாம் உள்ளே வந்தன, இணைப்புப் பிழைகள் அடங்கின. சோதனை தவறுகிறது என்ற காரணத்துக்காக ஒரு லோட் பேலன்சர் எவ்வளவு கொள்ளளவை வெளியேற்றலாம் என்பதற்கு ஒரு வரம்பு போடப்போவதாக அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.