விளையாட்டு அகாடமியில் பிள்ளையைச் சேர்க்கும் முன்: போக்சோ விதி என்ன சொல்கிறது?

கட்டணம், நேரம், ஷூ என்று எல்லாம் விசாரிக்கும் பெற்றோர், "கோச்சுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் ஆகிவிட்டதா?" என்று மட்டும் கேட்கத் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த விதிகளில் 3-வது விதி, பள்ளிகளோடு விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பிள்ளைகளோடு பழகும் ஊழியர் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். அவ்வப்போது மறுபடியும் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டில் வருபவருக்கும் விலக்கு இல்லை.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. ஆணோ பெண்ணோ, 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் அதன்படி குழந்தைகள். 17 வயதில் மாநில அணிக்கு ஆடுபவரும்தான். "அவளும் விரும்பித்தானே பழகினாள்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைத் தொட்டால் 3 முதல் 5 ஆண்டு வரை சிறை. தொட்டவர் அந்தக் குழந்தை பயிலும் நிறுவனத்தின் ஊழியர் என்றால் அது 5 முதல் 7 ஆண்டாக உயரும். அதே நோக்கத்தோடு ஆபாசமாகப் பேசுவது, படம் காட்டுவது, போனில் விடாமல் தொடர்புகொள்வது ஆகியவற்றுக்கு 3 ஆண்டு வரை. பேட் பிடிக்கும் விதத்தைத் திருத்தக் கையைத் தொடுவது குற்றமாகாது. ஆனாலும் நல்ல கோச், சொல்லிவிட்டு, நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் தொடுவார்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. புகார் வந்ததும் "அகாடமி பேர் கெட்டுப்போகும்" என்று கமுக்கமாகப் பேசி முடித்து, கோச்சை ராஜினாமா செய்ய வைத்து அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவர் வேறு ஊரில் வேறு பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பார். இப்படி மறைப்பதே குற்றம். விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். சொல்லாமல் இருந்ததற்காகக் குழந்தைக்குத் தண்டனை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீதும் வழக்கு வராது.

அருகிலுள்ள காவல் நிலையத்திலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லலாம். வாக்குமூலம் வாங்கக் குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, பெற்றோர் அல்லது அது நம்பும் ஒருவர் உடனிருக்க, சீருடை அணியாத போலீஸ் அதிகாரி பதிவு செய்வார். கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வருவார். குழந்தையின் பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது.