பனிக்கு அடியில் தேங்கும் வெப்பம்

துருவக் கடற்பனி குறைகிறது என்றதும் எல்லோரும் காற்றின் வெப்பத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கடல்நீரின் வெப்பத்தையும் உப்பையும் ஆழவாரியாகப் பார்ப்பது என் வேலை. அதனால் எனக்குக் கண் முதலில் போவது பனிக்கு அடியில்.

ஆர்க்டிக்கின் நடுப்பகுதியில் பனியை ஒட்டிய நீர் உறைநிலையில், அதாவது மைனஸ் 1.8 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். கீழே போகப் போக இன்னும் குளிரும் என்றுதான் நினைப்போம். இல்லை. 200 மீட்டர் வாக்கில் வெப்பம் பூஜ்யத்தைத் தாண்டிவிடும். அது அட்லாண்டிக்கிலிருந்து வரும் நீர். 1893-96இல் நார்வே ஆய்வாளர் நான்சன் ஃபிராம் கப்பலில் பனியோடு மிதந்து சென்றபோதே இதை அளந்துவிட்டார்.

அந்த வெப்பம் ஏன் மேலே வருவதில்லை? உப்புதான் காரணம். அட்லாண்டிக் நீரில் உப்பு அதிகம், எனவே கனம். ஆற்றுநீரும் உருகிய பனியும் கலந்த மேல்நீர் லேசானது. மூடி போலக் கிடக்கிறது. பனிக்கு இந்த மூடியை விடப் பெரிய காவல் இல்லை என்பேன்.

காவல் இப்போது தளர்கிறது. நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலின் வடபகுதிக்கு மிதந்து வரும் பனி குறைந்ததால், அது உருகித் தரும் நன்னீரும் குறைந்தது. அடியிலுள்ள வெப்பம் எளிதாக மேலே கலக்கிறது. அப்புறம் சூரியன். பனி வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பும். திறந்த கடல் பத்தில் ஒரு பங்குகூட அனுப்பாது. கோடையில் கடல் வாங்கிய சூடு தணியும்வரை இலையுதிர்காலத்தில் பனி உறையாது. திறந்த நீரில் காற்று எழுப்பும் அலையும் அடுக்குகளைக் கலக்கும்.

1980களில் ஆர்க்டிக்கின் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு சராசரியாக 70 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2012இல் குறைந்தபட்சம் 34 லட்சம். அண்டார்க்டிக்கில் கதை வேறு: 2014 குளிர்காலத்தில் 2 கோடியைத் தொட்டுச் சாதனை படைத்த பனி, அங்கே கோடையான 2023 பிப்ரவரியில், இதுவரை இல்லாத அளவுக்கு 18 லட்சத்துக்கும் கீழே போனது. மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கடல் சூடேறியதும் இதற்கு ஒரு காரணம்.

பரப்பளவை மட்டும் சொல்லும் செய்தியைப் படித்தால், பனியின் தடிமன் எவ்வளவு, அடிநீர் எப்படி என்றும் தேடிப் பாருங்கள். அடிநீரை அளப்பது லேசான காரியமில்லை. கடலுக்குள் மூழ்கி நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் தானியங்கிக் கருவிகளான ஆர்கோ மிதவைகள் வழக்கமாகப் பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து செயற்கைக்கோளுக்குத் தகவல் தரும். பனிக்கடலுக்கென்று அமைத்தவை, நீரின் குளிரை வைத்து மேலே பனி இருப்பதை ஊகித்து மறுபடி மூழ்கிவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவை சேர்த்து வைத்த அளவுகள், பனி விலகிய பிறகே எங்கள் கைக்கு வருகின்றன.