பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை கடலோரத்தில் இருக்கும் இறால் பண்ணைகளின் நீரையும் மண்ணையும் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். பண்ணைக்குள் நுழைந்ததும் குட்டைக்குப் போகும் முன் சரக்குக் கொட்டகையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுவேன். பல இடங்களில் பனை ஓலைக் கூரைதான். உள்ளே ஜெனரேட்டருக்கான டீசல், ஏரேட்டருக்கு (குட்டை நீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) ஊற்றும் கியர் ஆயில், யூரியா, மொலாசஸ் எனும் சர்க்கரைப் பாகு கேன்கள், தீவன மூட்டைகள். இவற்றுக்கு நடுவே, கிடைத்த சந்தில், குட்டை நீரில் கிருமி கொல்லப் போடும் பிளீச்சிங் பவுடர். ஏன் இங்கே என்று கேட்டால், "சுண்ணாம்பு மாதிரிதான் சார், நெடிதான் கொஞ்சம் அதிகம்" என்பார்கள்.

சுண்ணாம்பு அதில் உண்டு. நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தித்தான் அதைத் தயாரிக்கிறார்கள். 1799இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் டென்னன்ட் காப்புரிமை பெற்ற முறை அது. ஆனால் கிருமியைக் கொல்வது அதிலுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற உப்பு. அது ஓர் ஆக்சிஜனேற்றி. தான் எரியாது, எரியக்கூடிய எதையும் எரியத் தூண்டும், அதற்கான ஆக்சிஜனையும் தானே கொடுக்கும். இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸைச் சிதைக்கும் அதே வேலையை டீசலிடமும் சர்க்கரைப் பாகிடமும் ஓலையிடமும் காட்டும். அதனால் எத்தனை மூட்டை இருக்கிறது என்று எண்ணுவதைவிட, எதை ஒட்டி அடுக்கியிருக்கிறது என்று பார்ப்பதே எனக்கு முக்கியம்.

சந்தையில் இரண்டு வகை புழங்குகிறது. மூட்டையில் வரும் தூளில், புதிதாக இருக்கும்போது, கிடைக்கும் குளோரின், அதாவது கிருமி கொல்லும் வீரியத்தின் அளவு, சுமார் 33 சதவீதம். டிரம்மில் வரும் குருணையில் 65 முதல் 70 சதவீதம். தூளுக்குப் பழகிய கை குருணையையும் அதே அலட்சியத்தோடு தொடுகிறது. ஒரு பண்ணையில் சிந்திய குருணையைப் பெருக்கி, கியர் ஆயில் துடைத்த பழைய துணியோடு சேர்த்து பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தொட்டி உருகிப் புகைந்துகொண்டிருந்தது. யாரும் பீடி பற்றவைக்கவில்லை, மின்கசிவும் இல்லை. 1998இல் பிரேசில் அருகே அட்லாண்டிக் கடலில் டிஜி ஹார்மனி என்ற சரக்குக் கப்பல் வெடித்துத் தீப்பிடித்ததற்கும் காரணம் கன்டெய்னர்களில் இருந்த இதே உப்புதான். தானாகவே சூடேறிச் சிதைந்துவிட்டது. நம் ஊர்த் தகரக் கொட்டகைக்குள் சித்திரை மாத நண்பகல் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எண்ணெய்க்கு அடுத்த எதிரி ஆசிட். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். அது காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிறவர்தான் அதில் முதலில் சிக்குவார். யூரியாவோடு கலந்தால் நைட்ரஜன் ட்ரைகுளோரைடு என்ற வெடிக்கும் பொருள் உருவாகலாம். குளோரின் மாத்திரையாக விற்கப்படும் ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலத்தையும் இதனோடு சேர்க்கக் கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று ஒரே வாளியில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

கடற்காற்றின் ஈரம் இந்தத் தூளைச் சும்மா விடாது. ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்து, கட்டிதட்டி, வீரியம் இறங்கிக்கொண்டே போகும். நெடி அதிகமாக அடித்தால் சரக்கு நல்ல சரக்கு என்கிறார்கள். வெளியேறிக்கொண்டிருக்கும் வீரியம்தான் அந்த நெடி. அடுக்குக்கு மேலே கூரையின் ஆணியும் கம்பியும் துருவேறிப் பொரிந்திருந்தால் சரக்கு கசிகிறது என்று அர்த்தம். ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தூளைக் கரைத்து, பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, அசிட்டிக் அமிலம் விட்டால் கரைசல் அடர் பழுப்பாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க, வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கும். அப்போது ஸ்டார்ச் சேர்த்தால் கருநீலம். அது மறையும் சொட்டில் கணக்கு முடிகிறது; அதுவரை செலவான தயோசல்பேட்டை வைத்துத் தூளின் வீரியத்தைச் சொல்லிவிடலாம். ஒரே கொட்டகையின் மேல் மூட்டை 30 சதவீதத்துக்கு மேல் காட்டும். தரையில் கிடந்த மூட்டை அதில் பாதியைக்கூடக் காட்டாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் 60 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீருக்கு 60 பங்கு தூள்) என்று கணக்குப் போட்டு, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குட்டைக்கு 600 கிலோ கொட்டினால், செலவு முழுசு, பலன் அரைகுறை. வீரியம் இறங்கியது என்பதற்காக எண்ணெய்க்குப் பக்கத்தில் தள்ளிவைக்கவும் முடியாது. ஆகவே தரையில் படாமல் மரப்பலகை மேல், நிழலில், வாய் இறுக மூடி, தனி அறையில் வையுங்கள்.

குட்டையில் சுண்ணாம்பு போட்ட கையோடு இதைப் போடுவதும் வீண். காரத்தன்மை ஏறினால் குளோரினின் கொல்லும் திறன் குறைந்துவிடும். மாலையில் போடுங்கள், வெயில் குளோரினைத் தின்றுவிடும். முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தூள். டிரம்மில் மிச்சமிருக்கும் குருணை மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. அள்ளும் குவளை ஈரமில்லாமல், அதற்கென்றே தனியாக இருக்கட்டும்; மொலாசஸ் மொண்ட குவளை கூடவே கூடாது. காற்று முதுகில் படும்படி நின்று இறைக்க வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு தூளைக் கொஞ்சம் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அதற்கு அமில வாயுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அதோடு சேர்த்தி.

தீப்பிடித்தால் சாக்கைப் போட்டு மூடும் பழக்கம் இங்கே பலிக்காது. ஆக்சிஜன் உள்ளிருந்தே வரும்போது மூடி என்ன பயன்? சுவரில் தொங்கும் ஏபிசி பவுடர் சிலிண்டரும் வேண்டாம். அதிலுள்ள அம்மோனியம் உப்பு இதனோடு வினைபுரியும். தள்ளி நின்று ஏராளமான தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். கொஞ்சமாகத் தெளித்தால் வாயுதான் கிளம்பும். அவ்வளவு தண்ணீர் கையில் இல்லை என்றால் ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

காலி மூட்டைகளைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. நம் மாவட்டத்தில் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழில் எங்கும் உண்டு. கரி அள்ளச் சாக்குத் தேவை. பண்ணையில் சாக்குச் சும்மா கிடக்கிறது. தையல் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் தூளோடு கரியைச் சேர்த்துக் கட்டி லாரியில் ஏற்றுவது எத்தனை விபரீதம்! சாக்கை நிறையத் தண்ணீரில் அலசி, கிழித்துவிடுங்கள். அலசிய தண்ணீர் உப்பாற்றுக்குப் போக வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமி நீக்கும் குட்டையிலேயே விடலாம்.

கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் இமையை விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். சுற்றிலும் உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீரோ குடத்துக்குக் காசு. அதனால்தான் கரையில் இரண்டு கேன் நல்ல தண்ணீர் இதற்கென்றே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். வாயுவைச் சுவாசித்தவரைக் காற்று வரும் திசை நோக்கி, மேட்டுக்கு அழைத்துப் போங்கள். "இப்போது பரவாயில்லை" என்று அவர் சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். 108ஐ அழைத்து, மூட்டையின் லேபிளையும் கொடுத்தனுப்புங்கள். கூட எது கலந்தது, ஆசிட்டா யூரியாவா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.