தெருவுல ஸ்கிரீன் கட்டி மேட்ச் போடலாமா? காப்பிரைட் சட்டம் சொல்றது என்ன

ஐபிஎல், வேர்ல்ட் கப்னு சீசன் வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துடும். ஊர்ல இளைஞர் மன்றம் சார்பா ஸ்கிரீன் கட்டி ஃபைனல் போடப் போறோம், கேஸ் ஆகுமா, போலீஸ் வருமான்னு கேக்கறாங்க. சில ஊர்ல பயந்துபோய் போடாமலே விட்டுடறாங்க, சில ஊர்ல தலைக்கு அம்பது ரூபா டிக்கெட் அடிச்சு தைரியமா போடறாங்க. பயந்தவங்க அவ்வளவு பயந்திருக்க வேண்டாம், டிக்கெட் அடிச்சவங்கதான் நிஜமாவே மாட்டிக்கற இடத்துல நிக்கறாங்க.

முதல்ல ஒண்ணு. கிரிக்கெட் ஆட்டத்துக்குன்னு காப்பிரைட் கிடையாது, ஒருத்தர் சிக்ஸ் அடிச்சாருங்கற தகவலுக்கும் கிடையாது. ஸ்கோரை எஸ்எம்எஸ்ல அனுப்பின கம்பெனிகள் மேல ஸ்டார் இந்தியா போட்ட கேஸ்ல 2013 ஆகஸ்ட்ல டெல்லி ஹைகோர்ட் பெஞ்ச் இதைத் தெளிவா சொல்லிடுச்சு. அதனால டீக்கடை வாசல்ல கரும்பலகை வச்சு ஓவருக்கு ஓவர் ஸ்கோர் எழுதிப் போடறதை யாரும் தடுக்க முடியாது.

சட்டம் பாதுகாக்கறது அந்த ஒளிபரப்பை. 1957 காப்பிரைட் சட்டத்துல பிரிவு 37னு ஒண்ணு இருக்கு, டிவி கம்பெனிகளுக்கு அவங்க ஒளிபரப்பு மேல தனியா ஒரு உரிமை கொடுக்குது, ஒளிபரப்பான வருஷம் முடிஞ்சு அடுத்த ஜனவரியில இருந்து 25 வருஷத்துக்கு. 2011 வேர்ல்ட் கப் ஃபைனல்ல தோனி அடிச்ச அந்த கடைசி சிக்ஸோட ஒளிபரப்புக்கு 2036 முடியற வரைக்கும் இந்த உரிமை உயிரோட இருக்கும். இவ்வளவு கறாரா இருக்காங்கன்னா அதுக்குக் காரணம் பணம்தான், 2023ல இருந்து 2027 வரைக்கும் ஐபிஎல் மீடியா உரிமை மட்டுமே 48,390 கோடிக்குப் போயிருக்கு.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம். பெர்மிஷன் இல்லாம என்னென்ன பண்ணக்கூடாதுன்னு பிரிவு 37 ஒரு பட்டியல் போடுது, அதுல ஒண்ணு, கட்டணம் வாங்கிட்டு அந்த ஒளிபரப்பைப் பொதுமக்கள் பார்க்கவோ கேக்கவோ வைக்கறது. அந்தக் 'கட்டணம்'தான் இங்க முக்கியம். மூணு பேர் பார்த்தாங்களா முந்நூறு பேர் பார்த்தாங்களான்னு அந்த விதி கேக்கல, ஸ்கிரீன் எத்தனை அடின்னும் கேக்கல, காசு வாங்கினீங்களான்னுதான் கேக்குது. எந்தப் பேர்ல வாங்கினாலும் கட்டணம்தான், அதனால "டிக்கெட் இல்லங்க, டீ சமோசாவுக்குத்தான் அம்பது ரூபா"ன்னு சொல்லி கேட்ல வாங்கினா அந்த சமோசா உங்களைக் காப்பாத்தும்னு நான் நம்ப மாட்டேன். ஹோட்டல்ல மேட்ச் அன்னைக்கு மட்டும் என்ட்ரி சார்ஜ் போடறதும் இதே கதைதான். தூர்தர்ஷன்ல ஃப்ரீயா வர்ற மேட்ச்தானேன்னு சிலர் நினைக்கறாங்க. இந்தியா ஆடற ஒருநாள், டி20 மேட்ச்களை 2007ல வந்த ஒரு சட்டப்படி தூர்தர்ஷனை நடத்தற பிரசார் பாரதிக்கும் கொடுத்தாகணும், அதனால அது தூர்தர்ஷனோட இலவச டிடிஎச் ஆன ஃப்ரீ டிஷ்ல வருது, நல்ல விஷயம்தான், ஆனா தூர்தர்ஷனும் ஒரு ஒளிபரப்பு நிறுவனம், அதை வச்சு டிக்கெட் போட்டாலும் அதே பிரிவுதான் பாயும்.

அப்போ ஃப்ரீயா போட்டா முழுசா சேஃபா? முழுசா இல்ல, ஆனா நிலைமை ரொம்ப மாறுது. கட்டணம் இல்லன்னா அந்த விதி உங்க மேல பாயாது. ஆனா ரெண்டு விஷயம் பாக்கி இருக்கு.

ஒண்ணு, உங்க கனெக்ஷன். வீட்டுக்குன்னு ரீசார்ஜ் பண்ற டிடிஎச் பாக்ஸும், மொபைல் ஆப்ல எடுக்கற சந்தாவும், சொந்த உபயோகத்துக்கு மட்டும்ங்கற கண்டிஷனோடதான் வருது, நாம யாரும் படிக்காம 'ஓகே' அழுத்தறோமே அந்த நீளமான பக்கத்துல அது இருக்கும். வீட்டு பாக்ஸைக் கழட்டிட்டு வந்து மண்டபத்துல மாட்டினா ஒப்பந்தத்தை மீறினதா ஆகும், கனெக்ஷனைக் கட் பண்ணலாம். கடை, ஹோட்டல் வச்சிருக்கவங்க கமர்ஷியல் கனெக்ஷன் எடுக்கறது இதனாலதான். மன்றத்துக்காரங்க கேக்கற இன்னொண்ணு, ஜவுளிக்கடை பேனர் கட்டி ஸ்பான்சர் வாங்கலாமான்னு. பார்க்க வர்றவங்க காசு கொடுக்கலைன்னாலும் அங்க ஒளிபரப்பை வச்சு பணம் பார்க்கறதா ஆயிடுது, சொந்த உபயோகம்னு அதுக்கு மேல சொல்லவே முடியாது, சேனல்கள் கண்ணுல முதல்ல படறதும் அந்த பேனர்தான். வேண்டாம்னுதான் சொல்வேன், செலவை மன்றமே உள்ளுக்குள்ள பகிர்ந்துக்கறது மேல்.

ரெண்டாவது, ஏற்கெனவே ரெக்கார்ட் ஆன வீடியோ. ஹைலைட்ஸ், பழைய மேட்ச் இதெல்லாம் சட்டப்படி சினிமாப் படம் மாதிரி ஒரு தனிப் படைப்பு, அதைப் பொதுவுல காட்டற உரிமை ஓனருக்குத்தான், இங்க கட்டணம் வாங்கலைங்கற சமாதானம் மட்டும் போதாது. லைவ் மேட்ச்சும் ஒரு பக்கம் ரெக்கார்ட் ஆகிட்டேதான் வருதுன்னு சேனல் தரப்பு வக்கீல் வாதம் பண்ண இடம் இருக்கு. அதனாலதான் ஃப்ரீன்னாலும் முழு சேஃப்னு சொல்லாம விட்டேன்.

இதுக்கு நடுவுல வாட்ஸ்அப்ல 55 இன்ச் டிவி வரைக்கும் ஓகேன்னு ஒரு தகவல் சுத்துது, நம்ம சட்டத்துல இன்ச் கணக்கே கிடையாது, அது அமெரிக்கச் சட்டம். அங்க 2007ல இண்டியானாபொலிஸ்ல ஒரு சர்ச் சூப்பர் பவுல் மேட்ச்சை, அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனலை, பெரிய ஸ்கிரீன்ல போடப் போறோம், நுழைவுக்குக் காசுன்னு அறிவிக்க, அந்த ஆட்டத்தை நடத்தற என்எஃப்எல் லீக்ல இருந்து கூடாதுன்னு லெட்டர் வந்துச்சு. காசு வாங்க மாட்டோம்னு சொன்னப்புறமும் ஸ்கிரீன் 55 இன்ச்சுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நின்னாங்க, சர்ச் நிகழ்ச்சியையே ரத்து பண்ணிடுச்சு. ஊரெல்லாம் கோபம், செனட்டர்கள் வரைக்கும் விஷயம் போச்சு, 2008ல லீக் இறங்கி வந்து, சர்ச் வழக்கமா கூடற இடத்துல ஃப்ரீயா லைவ் காட்டினா ஸ்கிரீன் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஆட்சேபம் இல்லைன்னு சொல்லிடுச்சு.

நம்ம ஊர்ல நிஜமா ஆபத்து எங்கன்னு கேட்டா நான் மொபைலைத்தான் காட்டுவேன். கூட்டத்துல ஒரு தம்பி ஸ்கிரீனைப் பார்த்து போனைப் பிடிச்சு ஃபேஸ்புக் லைவ் போட்டுடுவான், அது மறு ஒளிபரப்பு, காசு வாங்கினியா இல்லையாங்கற கேள்வியே அதுல கிடையாது. பெரிய டோர்னமெண்ட்டுக்கு முன்னாடியே சேனல்கள் கோர்ட்டுக்குப் போய் பேர் தெரியாத ஆட்களுக்கு எதிரா தடை வாங்கி வச்சிருக்கும், அசோக் குமார் ஆர்டர்னு சொல்வாங்க. அதனால மைக்ல முதல்லயே சொல்லிடுங்க, யாரும் லைவ் போடாதீங்கன்னு.

தண்டனை லேசு இல்ல. தெரிஞ்சே மீறினா பிரிவு 63ல ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் ஜெயில், அம்பதாயிரத்துல இருந்து ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், வியாபார லாபத்துக்காகப் பண்ணலைன்னா கோர்ட் காரணம் எழுதி குறைக்கலாம். போலீஸ் நேரடியாவே எஃப்ஐஆர் போடலாம், ஜாமீனும் தானா கிடைக்காதுன்னு 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

டிக்கெட் போட்டே ஆகணும்னா உரிமை வச்சிருக்க சேனல்கிட்ட எழுத்துல லைசென்ஸ் வாங்கணும், மல்டிபிளக்ஸ்ல மேட்ச் போடறது அப்படித்தான். ஃப்ரீயா போடறவங்க காப்பிரைட்டை விட அதிகமா மாட்டறது ஸ்பீக்கர்லதான்: திறந்தவெளியில ஸ்பீக்கர் வைக்க எழுத்துல அனுமதி வேணும், ராத்திரி 10 மணிக்கு மேல வைக்கவும் கூடாது, ஏழரைக்கு ஆரம்பிக்கற ஐபிஎல் மேட்ச் முடிய பதினொண்ணு தாண்டிடும். பத்து மணிக்கு சவுண்டை நிறுத்திட்டு படத்தை மட்டும் ஓட விடுங்க, இல்லன்னா கதவு சாத்தற மண்டபத்துக்குள்ள போட்டுக்கோங்க.