வெங்காயச் சாக்குக்குப் பக்கத்தில் ஒரு பூக்கிழங்கு

போன டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் கடைக்குப் போன் வந்தது. ஸ்கார்பரோவிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர். “அக்கா, அக்டோபர்ல உங்ககிட்ட வாங்கின கிழங்கை அம்மா சின்ன வெங்காயம்னு நினைச்சு உரிச்சிட்டாங்க. குழம்புல இன்னும் போடல. ஆனா கை அரிக்குதுங்கறாங்க. என்ன பண்றது?”

அவருடைய அம்மா திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். டொராண்டோ பக்கத்து வீடுகளில் வாசல் படிக்குக் கீழே ஒரு குளிர் அறை இருக்கும், எல்லோரும் கோல்ட் ரூம் என்றுதான் சொல்வோம். அரிசி மூட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் அங்கேதான். பூக்கிழங்குக்கும் குளிர் வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். மகள் அதே அறையில், வெங்காயச் சாக்குக்குப் பக்கத்திலேயே பையை வைத்துவிட்டார். பையில் பூவின் பெயரும் “சாப்பிடக் கூடாது” என்ற எச்சரிக்கையும் அச்சாகியிருந்தன, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது.

அம்மா இரண்டை உரித்து மூன்றாவதை எடுக்கும்போது நிறுத்திவிட்டார். அவர் சொன்னதை மகள் அப்படியே சொன்னார்: “வெங்காயம் உரிச்சா கண்ணு எரியணுமே, எரியலையே. வாசமும் வரல. கத்தியில கோந்து மாதிரி நூல் நூலா வருது.” நாற்பது வருடம் சமைத்த கை அது. அந்தக் கை அன்று அந்த வீட்டில் நாலு பேரைக் காப்பாற்றியது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், கத்தியையும் பலகையையும் கழுவுங்கள், உரித்து வைத்த கிண்ணத்தில் இருப்பது முழுவதையும் கொட்டிவிடுங்கள் என்று சொன்னேன். நல்ல வெங்காயமும் அதில் இருக்கிறதே என்று அம்மா பின்னாலிருந்து வருத்தப்பட்டது எனக்குக் கேட்டது.

நான் தோட்டக்கலை படித்துவிட்டு இங்கே செடிக்கடையில் வேலை பார்ப்பவள். இலையுதிர்காலம் முழுக்க நான் விற்பது ஹயசிந்த், டாஃபடில், பேப்பர்வைட் கிழங்குகள். வெளியே பனி கிடக்கும்போது வீட்டுக்குள் வாசனைப் பூ பூக்க வைப்பதைவிட இந்த ஊர்க் குளிருக்கு நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அதனால் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாங்குங்கள், வளருங்கள். ஆனால் சமையலறையோடு அதைக் கலக்காதீர்கள்.

மறுநாள் அந்த மகள் மீதிக் கிழங்குகளைக் கடைக்கு எடுத்து வந்தார். அவை குட்டி டாஃபடில். ஒன்றையும் ஒரு சின்ன வெங்காயத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே பழுப்புத் தோல், தொட்டால் சருகு மாதிரி உதிர்கிறது. அடியில் அதே வேர்த்தட்டு. சின்ன வெங்காயம் இரண்டு பல்லாக ஒட்டியிருப்பது மாதிரி இதுவும் ஒட்டியிருக்கிறது. குறுக்கே வெட்டினால் உள்ளேயும் அடுக்கடுக்காகத்தான் இருக்கும். பிசுபிசுப்புதான் வித்தியாசம். பிறகு அந்தக் காரமான நெடி இல்லை. ஆனால் நெடியை வைத்துப் பிரித்துவிடலாம் என்று தயவுசெய்து நம்பாதீர்கள். வெங்காயத்தோடு ஒரு மாதம் கிடந்தால் எதிலும் வெங்காய வாசம் ஏறிவிடும்.

டாஃபடில், பேப்பர்வைட் இரண்டும் நார்சிசஸ் என்ற ஒரே இனம். அவற்றில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறது. இலையிலும் தண்டிலும் உண்டு, கிழங்கில்தான் அதிகம். சாப்பிட்டால் குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். சின்னக் குழந்தைக்கு வாந்தியில் உடம்பின் நீர் வற்றிவிடும், அதுதான் பயம். வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், கொதித்த குழம்பிலும் அந்த நச்சு அப்படியே இருக்கும். 2012-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சீனக் குடும்பங்களைச் சேர்ந்த 10 பேர் டாஃபடில் தண்டைத் தங்கள் ஊர்ப் பூண்டுத்தாள் என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு நோயில் விழுந்தார்கள். 2015-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபடிலைக் காய்கறிக்குப் பக்கத்தில் வைத்து விற்காதீர்கள் என்று பெரிய கடைகளுக்கே கடிதம் எழுதியது. ஏமாந்தவர்கள் பெரும்பாலும் புதிதாக ஓர் ஊருக்கு வந்து, பழைய ஊரின் காயைத் தேடுகிறவர்கள். நம் அம்மாக்களும் அப்பாக்களும் அப்படித்தானே வருகிறார்கள்?

யாராவது தின்றுவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். கனடாவில் கியூபெக் மாகாணம் தவிர எங்கிருந்தாலும் நச்சு ஆலோசனை மையத்தை 1-844-764-7669 என்ற எண்ணில் கூப்பிடலாம், கியூபெக்கில் 1-800-463-5060. கிழங்கு வந்த பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்தால் நேராக 911.

சரி, அம்மாவின் கை ஏன் அரித்தது? கருணைக்கிழங்கு, சேனைக்கிழங்கு நறுக்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதே கால்சியம் ஆக்சலேட்தான், கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியான படிகங்கள். ஹயசிந்தில் இது கிழங்கின் மேல்தோலிலேயே இருக்கிறது, பையில் கையை விட்டுத் துழாவினாலே போதும். நாங்கள் கடையில் கையுறை போட்டுத்தான் எடுப்போம். கையுறை இல்லையென்றால் கிழங்கின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடுங்கள், தூசி பறக்காது. தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கருணைக்கிழங்கைப் புளி போட்டு அவித்துச் சாப்பிடுகிறோமே, இதையும் அப்படிச் செய்தால் என்ன என்று ஒருவர் என்னிடம் நிஜமாகவே கேட்டார். கூடாது. இதில் ஊசி மட்டும் இல்லை, வேறு நச்சும் இருக்கிறது.

இந்தக் கிழங்குகள் ஏன் சமையலறைப் பக்கமே வந்து சேர்கின்றன? காரணம் குளிர். ஹயசிந்த் கிழங்கை நீங்கள் வாங்கும்போதே அதற்குள் பூ உருவாகி முடிந்துவிட்டது, கோடையிலேயே. அந்தப் பூவைத் தூக்கிக்கொண்டு தண்டு நீள வேண்டுமானால் அதற்கு ஒரு குளிர்காலம் கழிந்தாக வேண்டும். ஹயசிந்துக்கு 10 முதல் 14 வாரம், டாஃபடிலுக்கு 12 முதல் 15 வாரம், 9 டிகிரிக்குக் கீழே, உறையாமல். அவசரப்பட்டு முன்கூட்டியே ஹாலுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை ஜனவரிதோறும் பார்க்கிறேன். யாராவது தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், “இலை நல்லா வந்துச்சு, பூவைக் காணோம்” என்பார்கள். இலைகளை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தால் அடியில், கிழங்கின் கழுத்திலேயே, பூ மாட்டிக்கொண்டு பாதி விரிந்து கிடக்கும். அதைத் திரும்ப மேலே கொண்டுவர வழியே இல்லை.

‘தயார் செய்த கிழங்கு’ என்று விற்பது வேறு வகை. நெதர்லாந்தின் லிஸ்ஸே ஊரில் நிக்கோலாஸ் டாமஸ் என்ற விவசாயி 1910 வாக்கில் கண்டுபிடித்த வழி அது. கிழங்கைச் சீக்கிரமே தோண்டி எடுத்து, முதலில் வெப்பத்தில் வைத்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். உள்ளே பூ முன்னதாகவே உருவாகிவிடும். அதனால் கிறிஸ்துமஸுக்கே பூக்கும். ஆனால் அதற்கும் நம் வீட்டில் 10 வாரக் குளிர் வேண்டும். தயார் என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

குளிர் என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது ஃப்ரிட்ஜ். காய்கறி டப்பாவில் போட்டுவிடலாமே என்பார்கள். அங்கே இரண்டு தொல்லை. ஆப்பிள், பேரிக்காய் போன்ற பழங்களிலிருந்து எத்திலீன் வாயு வரும், வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு. அது கிழங்குக்குள் இருக்கும் பூமொட்டைக் கருக்கிவிடும். வெளியே பார்த்தால் கிழங்கு கல் மாதிரி நன்றாகவே இருக்கும். இன்னொரு தொல்லை நான் மேலே சொன்னது: காய்கறி டப்பாவில் இருப்பதை யாரும் காய்கறி என்றுதான் நினைப்பார்கள். சாப்பாட்டுப் பொருள் இருக்கும் ஃப்ரிட்ஜில் பூக்கிழங்கு வேண்டவே வேண்டாம். தனி வீடாக இருந்தால், கிழங்கை வாங்கிய வாரமே தொட்டியில் மண்ணோடு நட்டு, அந்தத் தொட்டியைக் கோல்ட் ரூமில் வையுங்கள். மண்ணுக்குள் போனபின் அதை யாரும் வெங்காயம் என்று எடுக்க மாட்டார்கள். வேரும் நன்றாக இறங்கும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. செப்டம்பர் கடைசியில் ஹயசிந்த் நட்டு, 12 வாரம் குளிரில் வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் மூன்று வாரத்தில் பூக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாகத் தைப்பொங்கல்.

ஹயசிந்தைக் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரில் வளர்ப்பதும் அழகுதான். கிழங்கின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, ஒரு நூல் இடைவெளி வேண்டும். தொட்டால் அழுகும். வேர் தானாகத் தேடி இறங்கும். அந்தக் குடுவைத் தண்ணீரைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நான் ஹயசிந்தே சொல்வதில்லை. பால்கனியில் வைத்தால் ஜனவரியில் கல்லாக உறைந்துவிடும், உள்ளே வைத்தால் 21 டிகிரி. பேப்பர்வைட் வாங்குங்கள். மத்தியதரைக் கடல் பக்கத்துப் பூ, அதற்குக் குளிர்காலமே தேவையில்லை. ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் பரப்பி, கிழங்கை அதில் உட்கார வைத்து, அடி தொடுகிற அளவு தண்ணீர் விட்டால் நாலு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். டிசம்பர் தொடக்கத்தில் வைத்தால் இதுவும் பொங்கலுக்கு வரும். வாங்கின அன்றே வைத்துவிடலாம் என்பதால் பை வீட்டில் சும்மா கிடக்காது. எனக்கு இதுதான் இதன் பெரிய நல்ல குணம்.

பேப்பர்வைட் தண்டு வளர்ந்து சாய்ந்துவிடும் என்ற குறைக்கு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தளிர் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 4 முதல் 6 சதவீதம் ஆல்கஹால் கலந்த தண்ணீரை விட வேண்டும். தண்டு மூன்றில் ஒரு பங்கு குட்டையாகிவிடும், பூ சிறுக்காது. 40 சதவீத வோட்கா என்றால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு தண்ணீர். பீரும் ஒயினும் ஆகாது, அவற்றின் சர்க்கரை கெடுதல். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இதைச் செய்யாதீர்கள், இரண்டு குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

வாசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேப்பர்வைட்டில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. மல்லிகையிலும் அதே இண்டோல் உண்டு. இங்கே பலர் இந்தப் பூவை நாற்றம் என்று திருப்பிக் கொடுப்பார்கள். மல்லிகையோடு வளர்ந்த மூக்குக்கு அது அவ்வளவு அந்நியமாகப் படுவதில்லை. ஆனால் ஜன்னல் மூடி ஹீட்டர் ஓடும் அறையில் ஒரே ஒரு ஹயசிந்த் கூடத் தலையைப் பிடித்துவிடும். தலைவலி, இளைப்பு இருப்பவர்களின் படுக்கையறையில் வைக்காதீர்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. டாஃபடிலும் ஹயசிந்தும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, முக்கியமாக கிழங்கைத் தோண்டித் தின்றால். ஆனால் ஈஸ்டர் சமயத்தில் தொட்டியில் விற்கும் வெள்ளை லில்லி வேறு ரகம். இலையைக் கடித்தாலும், மேலே விழுந்த மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் போய்விடும். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும், உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். வீட்டில் பூனை இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தத் தொட்டியை நான் விற்பதில்லை.

திருநெல்வேலி அம்மா வீட்டு டாஃபடில்களை அன்றே தொட்டியில் நடச் சொன்னேன். கோல்ட் ரூமில் இன்னும் 10 வாரம் இருந்து மார்ச்சில் பூத்தன. மகள் படம் அனுப்பினார். தொட்டியின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அம்மாவே மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: “பூவுக்கு மட்டும். குழம்புக்கு இல்லை.” இப்போது எங்கள் கல்லாப் பக்கத்தில் ஒரு டேப் சுருளும் மார்க்கரும் வைத்திருக்கிறேன். கிழங்கு வாங்குகிறவர்களிடம் “உங்க வீட்ல யார் சமைக்கிறாங்க?” என்று கேட்டு, அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிப் பையில் ஒட்டித் தருகிறேன். எனக்குத் தெரியாத மொழி என்றால் வாங்குபவரையே அங்கேயே எழுதச் சொல்கிறேன்.