கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பும் வீடு

"புது ரவுட்டர் வாங்கி மாட்டினேன். 192.168.1.1 என்று அடித்தால் ஒரு நேரம் பழைய பெட்டியின் பக்கம் வருகிறது, ஒரு நேரம் புதியதின் பக்கம் வருகிறது. பாஸ்வேர்டைச் சரியாகத்தான் கொடுக்கிறேன், தப்பு என்கிறது. நெட்டும் விட்டு விட்டு வருகிறது. பெட்டி பழுதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பெட்டி பழுதில்லை. நேரில் பார்க்காமலே இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன தை மாதம் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் இதே கூத்தோடு ஒரு முழு மாலையைக் கழித்தேன். கூடத்தில் ஃபைபர்காரர்கள் வைத்துவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி. மாடியறைக்கு வைஃபை எட்டவில்லை என்று அத்தான் கடையில் ஒரு புது ரவுட்டர் வாங்கி, வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒரு நீளக் கேபிளை இழுத்து அதில் சொருகியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் நெட் ஐந்து நிமிடம் வரும், பத்து நிமிடம் போகும். "மாப்பிள்ளை, இந்த ரவுட்டர் வீட்டுக்கு ராசியில்லைன்னு நினைக்கிறேன்" என்றார் அத்தான். யாரோ சொன்னார்கள் என்று அதை மேற்கு மூலையிலிருந்து ஈசானிய மூலைக்கு மாற்றியும் பார்த்திருந்தார்.

முதலில் சாதாரணச் சிக்கல்களை வேகமாகப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் செட்டிங்ஸ் பக்கம் திறக்காததற்குப் பாதிக் காரணம் இவைதான். 1 என்ற எண்ணுக்குப் பதிலாக ஆங்கிலச் சின்ன எழுத்து 'l'-ஐ அடித்தால் உலாவி அதைத் தேடுசொல்லாக எடுத்துக்கொண்டு கூகுள் பட்டியலைக் காட்டும். எண்ணை உலாவியின் மேலே உள்ள முகவரிக் கட்டத்தில் அடிக்க வேண்டும், தேடல் கட்டத்தில் அல்ல. போனில் முயன்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அந்த வழியில் உங்கள் வீட்டு ரவுட்டர் கிடையாது. விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். விருந்தினர் வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே விடாது. அப்புறம், எல்லா ரவுட்டருக்கும் 192.168.1.1 கிடையாது. 192.168.0.1 உண்டு, வேறும் உண்டு. போனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டால் 'கேட்வே' என்று ஓர் எண் இருக்கும். அதுதான் உங்கள் ரவுட்டரின் எண். உங்கள் கணினிக்குக் கிடைத்திருக்கும் எண் 169.254 என்று தொடங்கினால், எண் கொடுக்க யாருமே பதில் சொல்லவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது கேபிளையோ வைஃபை இணைப்பையோதான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, இவை எதுவும் இல்லாதபோதும் பக்கம் மாறி மாறி வருகிறதே, அது எப்படி? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொறிமுறை ஒளிந்திருக்கிறது.

192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்குபவை. 1996இல் ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நடைமுறை ஆவணம் இந்தத் தொகுதியை, இன்னும் இரண்டு தொகுதிகளோடு சேர்த்து, உள்வீட்டுப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கி வைத்தது. இப்படிப்பட்ட எண் ஒவ்வொன்றும் 32 பிட் நீளம், அதில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான், எல்லாக் கருவிக்கும் தனித்தனியாகக் கொடுக்கப் போதாது. அதனால் உங்கள் தெருவில் பத்து வீட்டில் 192.168.1.1 இருக்கலாம், ஒன்றோடு ஒன்று மோதாது. 'அண்ணி' என்ற சொல்லைப் போலத்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அண்ணி உண்டு, அவரவர் வீட்டுக்குள் கூப்பிட்டால் அந்த வீட்டு அண்ணிதான் திரும்புவார்.

ஆனால் கம்பியிலும் வைஃபையிலும் தரவு போய்ச் சேருவது இந்த எண்ணை வைத்து அல்ல. ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளத்தில் மேக் முகவரி என்று ஒன்று இருக்கிறது. ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இரண்டிரண்டாக ஆறு ஜோடியாக அச்சிட்டிருப்பார்களே, அதுதான். முன்பாதி தயாரித்த நிறுவனத்தைக் காட்டும், பின்பாதி அந்த நிறுவனம் அந்தப் பெட்டிக்குக் கொடுத்த எண். பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குத் தரவு அனுப்ப இந்த முகவரிதான் வேண்டும். உங்களிடம் இருப்பதோ 192.168.1.1 மட்டும்.

48 பிட்டை 32 பிட்டுக்குள் அடைக்க முடியாது. எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட்டு மேக் முகவரியைக் கண்டுபிடிக்க வழியில்லை. 1982 நவம்பரில், எம்ஐடியில் இருந்த டேவிட் பிளம்மர் இதற்கு ஒரு தீர்வு எழுதினார். கணக்கே போட வேண்டாம், கேட்டுவிடலாம்! ஆர்எஃப்சி 826 என்ற அந்தச் சிறிய ஆவணத்தில் உள்ள நெறிமுறைதான் ஏஆர்பி (ARP). இன்றும் உங்கள் வீட்டில் நிமிடத்துக்குப் பல தடவை ஓடிக்கொண்டிருக்கிறது.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நீங்கள் 192.168.1.1 என்று அடித்து என்டரைத் தட்டுகிறீர்கள். கணினி முதலில் தன் எண்ணைப் பார்க்கிறது: 192.168.1.7. வீடுகளில் வழக்கமாக முதல் மூன்று பகுதியும் ஒத்துப்போனால் ஒரே வீடு என்று கணக்கு. ஒத்துப்போகிறது, ஆகவே ஆள் உள்ளேதான் இருக்கிறார். (ஒத்துப்போகாவிட்டால் கேட்வேயிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிடும். 192.168.0.7இல் இருந்துகொண்டு 192.168.1.1ஐத் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான்.) உடனே கணினி எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கிறது: "192.168.1.1 யார்? நான் 192.168.1.7, என் மேக் முகவரி இது, எனக்குச் சொல்லுங்கள்." அந்தச் செய்தியின் நீளம் வெறும் 28 பைட். டிவி கேட்கும், அக்காவின் போன் கேட்கும், பிரிண்டர் கேட்கும். தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்ததும் எல்லாம் பேசாமல் இருந்துவிடும். அந்த எண்ணுக்கு உரிய பெட்டி மட்டும், கேட்டவருக்கு மட்டும் கேட்கும்படி, "நான்தான், என் மேக் முகவரி இது" என்று பதில் சொல்லும். கேள்வியிலேயே கேட்டவரின் முகவரியும் இருப்பதால் பதில் சொல்பவர் திரும்ப விசாரிக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வியில் இரண்டு பேருக்கும் அறிமுகம் முடிந்துவிடுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத அழகு இது.

கணினி அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு மறந்துவிட்டு மறுபடி குரல் கொடுக்கும்.

இந்த ஏற்பாடு முழுக்க நம்பிக்கையில் ஓடுகிறது. "நான்தான்" என்று சொல்பவர் உண்மையிலேயே அவர்தானா என்று சோதிக்க ஏஆர்பியில் எந்த வழியும் இல்லை. அந்த எண்ணில் இரண்டு பெட்டி இருந்தால்?

அக்கா வீட்டில் நடந்தது அதுதான். புது ரவுட்டரின் பின்னால் தனி நிறத்தில் 'வான்' (WAN, வெளி நெட் வரும் வழி) என்று ஒரு துளையும், 'லான்' (LAN, வீட்டுக்குள் உள்ள கருவிகளுக்கு) என்று நான்கு துளைகளும் இருந்தன. அத்தான் கேபிளை லானில் சொருகிவிட்டார். வானில் சொருகியிருந்தால் அந்த ரவுட்டர் தனக்குப் பின்னால் தனி வீடு கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தப் பார்த்திருக்கும். லானில் சொருகியதால் இரண்டு பெட்டியும் ஒரே வீட்டுக்குள் வந்துவிட்டன. இரண்டுக்கும் ஆலையில் போட்ட எண் 192.168.1.1. கூட்டுக் குடும்பத்தில் 'அண்ணி' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவது போல, மடிக்கணினி குரல் கொடுத்ததும் இரண்டு பெட்டியும் பதில் சொல்லின. சில கருவிகள் முதலில் வந்த பதிலைப் பிடித்துக்கொள்ளும், சில பின்னால் வந்ததை அதன்மேல் எழுதிக்கொள்ளும். பட்டியல் காலாவதியாகி மறுபடி கேட்கும்போது வெற்றி யாருக்கு என்பது மாறிவிடும்.

லாகின் பக்கம் ஒரு தடவை நீலமாகவும் ஒரு தடவை பச்சையாகவும் வருவதை அக்காதான் முதலில் கவனித்தார். "தம்பி, இது ரெண்டு வேற வேற இடம்டா" என்றார். உண்மை. வெள்ளைப் பெட்டியின் பாஸ்வேர்டைப் புதுப் பெட்டியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நெட் விட்டு விட்டு வந்ததற்கும் இதே காரணம்தான். வெளியே போக வேண்டிய எல்லாத் தரவும் கேட்வேயிடம், அதாவது 192.168.1.1இடம் போகிறது. பட்டியலில் வெள்ளைப் பெட்டியின் மேக் முகவரி இருக்கும் வரை நெட் வரும். புதுப் பெட்டியின் முகவரி ஏறிவிட்டால், அதன் வான் துளை காலி, தரவு அங்கேயே முட்டி நிற்கும். போதாததற்கு இரண்டும் வீட்டிலுள்ள கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தன. ஒரே எண் இரண்டு போனுக்குப் போகவும் வாய்ப்பு உண்டு.

இதை ஊகமாக விட எனக்கு மனமில்லை. விண்டோஸில் கறுப்புக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஏஆர்பி என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் ஆங்கில ஏ எழுத்தும் போட்டால் அந்தப் பட்டியல் அப்படியே வந்து நிற்கும். 192.168.1.1க்கு நேரே உள்ள மேக் முகவரியைத் தாளில் எழுதினேன். கடைசி இரண்டு ஜோடி 17-42. நெட் நின்றதும் மறுபடி பார்த்தேன்: 80-05. புது ரவுட்டரைக் கவிழ்த்து ஸ்டிக்கரைப் பார்த்தால் 80-05. அத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு எண்ணையும் மூன்று தடவை ஒப்பிட்டார். (சில பெட்டிகளில் ஸ்டிக்கர் எண்ணுக்கும் பட்டியலில் தெரிவதற்கும் கடைசி இலக்கம் ஒன்றிரண்டு தள்ளியிருக்கும், பயப்பட வேண்டாம்.)

ராசி, மூலை பற்றி ஒரு வார்த்தை. அத்தானின் நம்பிக்கை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காரணம் கையெட்டும் தூரத்தில், ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்து ஒட்டப்பட்டிருக்கும்போது, ராசி என்று சொல்லித் தேடலை நிறுத்திவிடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. இந்த அறிவு தானாக வந்ததும் இல்லை. பொதுப் பணத்தில் வளர்ந்த ஆராய்ச்சி வலைகளில்தான் இப்படிப்பட்ட நெறிமுறைகள் பிறந்தன. நம் நாட்டிலும் 1986இல் அரசும் ஐநா வளர்ச்சித் திட்டமும் பணம் போட்டு எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையைத் தொடங்கியபோது சென்னை ஐஐடி அதில் ஓர் அங்கம். அப்படிப்பட்ட அடிப்படை வேலைக்கு நம் மாநிலக் கல்லூரிகளிலும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு ரவுட்டரும் ஒரு கேபிளும் போதும், மாணவர்கள் ஏஆர்பியைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

இனி சரிசெய்வது. பெட்டியை ரீசெட் செய்ய அவசரப்படாதீர்கள். ஃபைபர்காரர் பெட்டியை ஊசியால் அழுத்தி ரீசெட் செய்தால் உங்கள் இணைப்பின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்துபோகக்கூடும், பிறகு அவர்கள் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முதலில் இரண்டு பெட்டிக்கும் நடுவே உள்ள கேபிளைப் பிடுங்குங்கள். புது ரவுட்டரின் வைஃபையில் மட்டும் சேருங்கள். இப்போது கூப்பிட்டால் திரும்புவது ஒருவர்தான். உள்ளே போய் லான் என்ற பகுதியில் அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றுங்கள். டிஎச்சிபி என்று இருப்பதை அணையுங்கள், எண் கொடுக்கும் வேலையை வெள்ளைப் பெட்டி ஒன்றே பார்த்துக்கொள்ளட்டும். அட்மின் பாஸ்வேர்டையும் கையோடு மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் போட்ட பாஸ்வேர்டுகள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது.

சேமி என்று அழுத்தியதும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து ரீசெட்டை அழுத்துகிறார்கள். ரவுட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் எண் மாறிவிட்டது, உங்கள் உலாவி பழைய எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கேபிளைப் பழையபடி லானிலேயே சொருகி, வைஃபையை அணைத்துப் போட்டு, 192.168.1.2 என்று அடியுங்கள்.

பச்சைப் பக்கம் வந்தது. 192.168.1.1 என்று அடித்தால் நீலம். பத்து தடவை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தோம், நிறம் தவறவில்லை. மாடியிலிருந்து அக்கா மகள் நெட் வந்துவிட்டது என்று சத்தம் போட்டாள். அத்தான் மார்க்கரை எடுத்து இரண்டு பெட்டியின் தலையிலும் அதனதன் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்தார்.