நியூட்டன் கணக்கில் விழுந்த துண்டு

தொலைவில் ஒருவர் சுவரில் ஆணி அடிக்கிறார். சுத்தியல் ஆணியில் பட்டு மறுபடி மேலே எழும்பிய பிறகுதான் 'டொக்' என்ற சத்தம் வந்து சேர்கிறது. அவர் 170 மீட்டர் தள்ளி நின்றால், கண்ணுக்கும் காதுக்கும் அரை நொடி பிணக்கு. 20 டிகிரி செல்சியஸில் ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அது ஏன் 343? நூறாகவோ ஆயிரமாகவோ ஏன் இல்லை? நியூட்டனையே வழுக்கி விழவைத்த கேள்வி இது.

சுத்தியல் பட்ட இடத்துக் காற்று கிளம்பி நம் காதுக்கு வருவதில்லை. பாடிக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கியின் முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் கூசுவதுபோல் நடுங்கும், பறந்து போகாது. ஒலிபெருக்கியின் சவ்வு முன்னே வரும்போது பக்கத்துக் காற்று நெருக்கப்படுகிறது. நெருக்கப்பட்ட காற்று தனக்கு அடுத்ததைத் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. சவ்வு பின்வாங்கும்போது நெகிழ்வு உண்டாகி, அதுவும் பின்தொடர்ந்து ஓடுகிறது. தள்ளல்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. காற்று இருந்த இடத்திலேயே ஆடுகிறது. அலை போகும் திசையிலேயே ஆடுவதால் இதை நெட்டலை என்கிறார்கள்.

அந்த ஆட்டம் எவ்வளவு சிறியது என்பதை நினைத்தால் தலை சுற்றும். நம் காதுக்கு எட்டும் மிக மெல்லிய ஒலியில், 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது நொடிக்கு ஆயிரம் முறை ஆடும்போது, காற்று முன்னும் பின்னும் நகரும் தூரம் ஓர் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குதான். அழுத்த மாற்றமோ வளிமண்டல அழுத்தத்தில் 500 கோடியில் ஒரு பங்கு. இதைக் கண்டுபிடிக்கும் கருவியைத்தான் நாம் பருத்திக் குச்சியால் குடைந்துகொண்டிருக்கிறோம்.

இந்தத் தள்ளலைச் சுமந்து செல்பவை காற்றின் மூலக்கூறுகள். ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை நொடிக்குச் சராசரியாக 460 மீட்டருக்கு மேல் கண்டபடி பாய்ந்து, ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. தூதுவனை முந்திக்கொண்டு செய்தி போக முடியாது. அதனால் ஒலியின் வேகம் மூலக்கூறுகளின் வேகத்தை ஒட்டியே அமைகிறது. கத்திப் பேசினாலும் மெதுவாகப் பேசினாலும் அவை ஓடும் வேகம் மாறப்போவதில்லை. ஆகவே ஒலியும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். காற்று சூடானால் மட்டும் அவை விரைகின்றன: ஒரு டிகிரி ஏறினால் ஒலிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் கூடுதல்.

இனி நியூட்டன். 1687-இல் வெளிவந்த தன் பிரின்சிபியா நூலில், காற்றின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் வைத்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். வழி சரிதான், ஆனால் விடை உண்மையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைந்தது. துண்டு விழுந்த இடத்தை அடைக்க, காற்றுத் துகள்களின் பருமன், காற்றில் கலந்த நீராவி என்று ஏதேதோ ஒட்டுப்போட்டுப் பார்த்தார். மேதைகளும் கணக்கு ஒத்துவராதபோது நம்மைப் போலத்தான். ஆய்லர், லாக்ராஞ்ச் போன்ற கணித மேதைகளாலும் சிக்கலை அவிழ்க்க முடியவில்லை. 1816-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ்தான் முடிச்சைக் கண்டுபிடித்தார்.

அந்த முடிச்சு சைக்கிள் பம்பில் இருக்கிறது. வேகமாகக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். நெருக்கினால் காற்று சூடாகும். சூடான காற்று இன்னும் விறைப்பாக எதிர்த்துத் தள்ளும். இந்தச் சூடு உடனுக்குடன் கலைந்து போய்விடும் என்பதுபோல் நியூட்டனின் கணக்கு அமைந்திருந்தது. அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் நெருக்கம் நெகிழ்வாக மாற 2000-இல் ஒரு பங்கு நொடி போதும். அதற்குள் வெப்பம் 17 சென்டிமீட்டர் தாண்டிப் பக்கத்து நெகிழ்வுக்குப் போய்ச் சேர வேண்டும், முடியாது. சூடு நெருக்கத்துக்குள்ளேயே சிறைப்படுகிறது, காற்றின் விறைப்பு 1.4 மடங்காகிறது, வேகம் அதன் வர்க்கமூலமான 1.18 மடங்காகிறது. துண்டு சரியாக அடைபட்டது.

சாதாரணப் பேச்சில் இப்படி ஏறி இறங்கும் வெப்பநிலை ஒரு டிகிரியில் லட்சத்தில் ஓரிரு பங்குதான். அவ்வளவு அற்பமான சூடு வேகத்தை எப்படி 18 சதவீதம் கூட்டும்? நெருக்கமும் அதே அளவு அற்பமானதுதான் என்பதே விடை. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் வேலை செய்கிறது.

விறைப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் தண்ணீரும் புரிந்துவிடும். 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடன் என்பவர் நீருக்கடியில் மணி அடிக்கச் செய்து, அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்தவைத்தார். 13 கிலோமீட்டருக்கு அப்பால் படகில் இருந்தபடி, வெளிச்சம் தெரிந்ததிலிருந்து மணியோசை கேட்கும் வரை நேரம் பார்த்தார். நொடிக்கு 1435 மீட்டர் என்று வந்தது. தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்ந்தது. மந்தமாகத்தான் கடத்தவேண்டும் என்று தோன்றும். ஆனால் அதன் விறைப்பு காற்றைப்போல் பதினைந்தாயிரம் மடங்குக்கு மேல்.

தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது வெதுவெதுப்பாக இருக்கும். சூடான காற்றில் ஒலி விரைவதால் அலையின் மேல்பகுதி முந்தி ஓட, மொத்த அலையும் தரையை நோக்கி வளைகிறது. எங்கோ போகும் ரயிலின் ஓசை வாசலுக்கே வந்துவிடுகிறது. வெயில் ஏறிய பகலில் இது தலைகீழாகிறது. அதே ரயிலின் சத்தம் மேல்நோக்கி வளைந்து, நம் தலைக்கு மேலே கடந்து போய்விடுகிறது.